அம்மாவுக்குச் சாமி வந்த நாள்

அம்மா லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் டிப்ளமோ பிள்ளைகளுக்குக் கட்டடப் பாடம் எடுத்தாள். செல்போன் வீட்டுக்கு ஒன்று என்று வரத் தொடங்கியிருந்த காலம். எனக்கு எட்டு வயது. பெரியப்பா வீட்டு மாடியில் நாங்கள் இருந்தோம், கீழே அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து மாணவிகள் சந்தேகம் கேட்க மாடிக்கு வருவார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு, அம்மா அவர்களைத் தெருப்பக்கத்து பால்கனிக்குக் கூட்டிப்போனாள். “இந்த சிலாப், கைப்பிடிச் சுவரு, பூந்தொட்டி, எல்லாம் எப்பவும் இங்கயே இருக்கிற எடை. இது டெட் லோடு. நாம வர்றோம், நிக்கிறோம், போயிடுறோம். இது லைவ் லோடு. ரெண்டையும் சேர்த்துத் தாங்கணும்” என்றாள். பிறகு குனிந்து, சுவரோடு பால்கனி சேரும் இடத்தில் நீளமாக ஓடிய வெடிப்பில் விரல் நகத்தை விட்டாள். நகம் உள்ளே போனது. “எல்லாரும் உள்ள வாங்க. ஒவ்வொருத்தரா” என்றாள். குரலே மாறிவிட்டது.

அன்றே கீழே இறங்கிப் பெரியப்பாவிடம் சொன்னாள். “மாமா, இந்த வருசம் மகத்துக்கு மேல யாரையும் ஏத்தாதீங்க. பால்கனி தாங்காது. காங்கிரீட் போட்ட அன்னிக்கே சொன்னேன், மேல இருக்கவேண்டிய கம்பிய ஆளுங்க மிதிச்சுக் கீழ இறக்கிட்டாங்கன்னு.”

பெரியப்பா பேப்பரை மடிக்கக்கூட இல்லை. “ஏம்மா, நான் கட்டின வூட்ல நாலு ஜனம் நின்னு சாமி பாக்கக்கூடாதா? மேஸ்திரிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? அதெல்லாம் க்ளாஸோட வெச்சுக்க.”

அப்பா தன் அண்ணன் முன்னால் வாயே திறக்கமாட்டார்.

கடலுக்குப் போகும் சாமிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மகத்தன்று தெருவில் மாடி வைத்திருப்பவர்கள், வருகிற எல்லாருக்கும் கதவு திறந்துவிட வேண்டும். முடியாது என்று சொன்னால் வருஷம் முழுக்கப் பேச்சு வாங்கவேண்டும். அம்மா மாடிக் கதவைப் பூட்டினாள். பெரியப்பா வந்து அம்மாவிடமிருந்தே சாவியை வாங்கித் திறந்தார். பத்து மணிக்குள் பால்கனியில் இருபது பேருக்கு மேல் ஏறிவிட்டார்கள். என் தம்பி கைப்பிடிச் சுவரோரம் யார் இடுப்பிலோ உட்கார்ந்திருந்தான்.

“உள்ள வாங்க, தயவுசெஞ்சு வாங்க” என்று அம்மா கெஞ்சினாள். “இரும்மா, அம்மன் வருது” என்று யாரோ திரும்பாமலே சொன்னார்கள். பம்பைச் சத்தம் நெருங்க நெருங்க, கூட்டம் முன்பக்கம் சாய்ந்தது. சுவரோரம் காரை பொலபொலவென்று உதிர்ந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

அடுத்த நிமிஷம் அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு அலறினாள். அப்படி ஒரு அலறலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. கூடத்து நடுவில் விழுந்து தலைவிரிகோலமாக ஆடினாள். “அடேய்! நான் கீழ வர்றேன், என் தலைக்கு மேல நிக்கிறீங்களாடா? வுடமாட்டேன்! உள்ள வந்து வுழுங்கடா!”

அவ்வளவுதான். “ஐயோ, ஆத்தா வந்துட்டா!” என்று மொத்தப் பேரும் கூடத்துக்குள் வந்து குவிந்தார்கள். ஒருத்தி வேப்பிலைக்கு ஓடினாள். எல்லாருக்கும் முந்திப் பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தாயே, தப்பு என்னுதுதான். இனிமே ஒருத்தரையும் ஏத்தல” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் மூலையில் ஒண்டி நின்றேன். ஆடிக்கொண்டே அம்மா என் பக்கம் வந்து கையை இறுகப் பிடித்து, காதோரம் கேட்டாள்: “தம்பி உள்ள வந்துட்டானாடி?”

தலையாட்டினேன். அம்மனுக்கு என் தம்பியைத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பால்கனி அப்படியே பிய்ந்து தெருவில் விழுந்தது. பூந்தொட்டிகள்தான் நொறுங்கின. பெரியப்பா தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் சூடமுமாக மாடியேறி வந்தார். “சாமி அன்னிக்கே சொல்லிடுச்சு” என்று அம்மாவுக்கு நேராகச் சூடம் காட்டினார். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள். தெருப் பெண்கள் குறி கேட்க வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறு மாணவிகள் வந்திருந்தார்கள். அம்மா பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். “பால்கனி விழும்னு முன்னாடியே எப்படி மேடம் தெரிஞ்சுது?” என்று புதிதாக வந்த ஒருத்தி கேட்டாள். அம்மா சாக்பீஸோடு திரும்பினாள். அவள் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“எங்கம்மாவுக்குச் சாமி வரும்க்கா. சாமிதான் சொல்லுச்சு!”

பளாரென்று விழுந்தது அறை. அம்மா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். அடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். உண்மையைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் அடித்தாள் என்று நானும் தேம்பித்தேம்பி அழுதேன்.