முதலை மூஞ்சி மீன்

ஆவடி மீன் மார்க்கெட்டில் ராஜம்மாவிடம் ஒருமுறை மீன் ஆயக் கொடுத்தவர்கள் வேறு ஆளிடம் போகமாட்டார்கள். காரணம், சினை. கூலியையும் வாங்கிக்கொண்டு சினையையும் அமுக்கிவிடுகிற ஆட்கள் உண்டு. ராஜம்மா அதை வாழையிலையில் தனியே பொட்டலம் கட்டிக் கறிக்கு மேலே வைத்துக் கொடுப்பாள். அந்த நாணயத்துக்குத்தான் கூட்டம். கூடவே அவளுக்கு ஒரு வியாதியும் உண்டு. புது மீனைப் பார்த்துவிட்டால் அதன் ஊர், பேர், குலம், கோத்திரம் அத்தனையும் தெரிந்தாக வேண்டும்.

போன ஞாயிறு காலையில் வாடிக்கைக்காரன் கோவிந்தராஜ் சாக்கிலிருந்து உருவிப்போட்ட மீனுக்கு முதலை மூஞ்சி, வாய் நிறையப் பல்.

“இன்னா நைனா இது? எங்க புட்ச்ச?”

“ஏரில, வலைல மாட்டிச்சுக்கா. சினை கீதான்னு பாரு. கறிய உட ரேவதிக்கு அதான் உசுரு.”

அரிவாள்மணை வழுக்கியது. செதிலா அது? தரைக்கு ஓடு பதித்த மாதிரி, சாய்சதுரம் சாய்சதுரமாக, பளபளவென்று ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடையில் தகரம் வெட்டும் கத்தரியை இரவல் வாங்கி வந்துதான் வயிற்றைத் திறந்தாள். உள்ளே பச்சை ஓடிய சினை, இரண்டு கை கொள்ளாமல். வழக்கம்போல் பொட்டலம் கட்டினாள். கோவிந்தராஜ் தன் பெண்டாட்டி ரேவதியின் முகத்தை நினைத்துக்கொண்டே பைக்கை முறுக்கிக்கொண்டு போனான்.

ராஜம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செதிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, எதிரே தொட்டி மீன் விற்கும் முகமது ஆசிக்கிடம் போனாள்.

“‘அலிகேட்டர் கார்’னு வெளிநாட்டு மீனுக்கா இது. டைனோசர் காலத்துலருந்து கீது. செதிலே எலும்பு மாரி. குட்டியா வாங்கிகினு போவாங்க, தொட்டி பத்தலன்னா ஏரில உட்ருவாங்க. கறி துன்னலாம். சினை மட்டும் வெசம்.”

உடனே போன் போட்டாள். கோவிந்தராஜ் போனை எடுக்கவில்லை. நல்லவேளை, வீடு தெரியும். ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டைக்கு ஓடினாள்.

அடுப்படியில் ரேவதி நின்றிருந்தாள். தோசைக்கல்லில் மஞ்சள் தடவிய சினை பொரிந்துகொண்டிருந்தது.

“வாய்ல வச்சியா?”

“இல்லக்கா, இன்னும் வேவலயே.”

ராஜம்மா கரித்துணியால் கல்லைத் தூக்கி, சினையைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். “வெசம்மா இது!”

ரேவதி திகைத்துப்போனாள். “நீதானக்கா பொட்டலம் கட்டிக் குடுத்த?”

ராஜம்மாவுக்கு மீனை ஏரியில் விட்டவன் மேல் பழியைப் போட வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டாள்.

“ஆமாம்மா,” என்றாள். “இன்னா மீனுன்னே தெரியாம நான்தான் குடுத்தேன்.”