சூளைக்குப் போன வான்கல்

வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், மேகமே இல்லாத வானம் இடித்தால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்கத்தானே செய்வார்கள்? நாங்கள் நிமிர்வதற்குள், சித்தப்பாவின் பொம்மைப் பட்டறை முற்றத்தில் குழைத்து வைத்திருந்த களிமண் குவியலுக்குள் சொத்தென்று ஏதோ இறங்கியது. தோண்டினால் ஒரு கல். தேங்காய் அளவு, கன்னங்கரேலென்று.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் எதைக் கையில் எடுத்தாலும் சுண்டிப் பார்ப்பார்கள். சித்தப்பாவும் சுண்டினார். முகம் மாறிவிட்டது. அம்மாவிடம் நீட்டினார்.

"இது சுட்ட சாமான், அண்ணி. மேல கண்ணாடியாட்டம் பூச்சு ஓடியிருக்கு பாருங்க. எந்தச் சூளைன்னுதான் தெரியல."

வான்கற்களை ஆராய்கிற படிப்புக்காக அக்கா சென்னையில் இருந்தாள். படம் அனுப்பியதும் போனில் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவதாகவும், அதுவரை யாரும் கழுவக்கூட வேண்டாம் என்றும் சொன்னாள்.

கல்லை வீட்டு அலமாரியில் வைத்தோம். அன்றைக்கே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரைக்கும் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே அலமாரிப் பக்கம் கையைக் காட்டி, "அதுக்குள்ள யாரோ இருக்காங்க" என்றான். அம்மா அவனை வாரி அணைத்துக்கொண்டாள்.

"மொதல்ல அத்தத் தூக்கி எங்கியாவது எறிங்க!"

சித்தப்பாவுக்கு எறிய மனம் வரவில்லை. கல்லின் உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே வெறும் சாம்பல் நிறம்.

"மேல வெந்து உள்ள வேகாத சாமான், அண்ணி. இன்னொரு தரம் சூளையில வச்சா எல்லாம் சரியாயிடும்."

அம்மா அக்காவின் பேச்சை நினைவுபடுத்தினாள். சித்தப்பா விடவில்லை.

"கழுவ வேணாம்னுதானே சொன்னா? சுட வேணாம்னு சொல்லலியே!"

கற்பூரம் காட்டி, பொம்மைகளுக்கு நடுவே கல்லை வைத்து, சூளையை மூடினார்கள். சூடு ஏறியபின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தேன். பொம்மைகள் எல்லாம் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டு, கல்லைச் சுற்றி நின்று ஏதோ கேட்பதுபோல் இருந்தன. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பட்டறை நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே தம்பிக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கல் அப்படியே முழுசாக இருந்தது, மேல்தோல் மட்டும் சிவந்திருந்தது. சூளையில் வைத்ததைக் கேட்டதும் அதை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"செவ்வாய் கிரகத்துலேருந்து வந்ததா இருந்தா, அந்த ஊருக் காத்து இதுக்குள்ள மாட்டியிருக்கும்டி. ஆர்கான், செனான்னு எதோடயும் ஒட்டாத வாயு. கோடி வருசமானாலும் மாறாது. அதை அளந்தா அங்க ஒருகாலத்துல வானம் எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லிடலாம். நாங்களும் சுடத்தான் செய்வோம். ஆனா காத்து வெளிய போவாத பாத்திரத்துக்குள்ள வச்சு சுடுவோம். இனிமே இது வெறும் கல்லு."

"போனது போவட்டும், புள்ள பொழச்சான்" என்றாள் அம்மா.

எனக்கு அக்காவைத் தேற்றத் தோன்றியது. எதோடும் ஒட்டாது, மாறாது என்று அவளே சொல்கிறாளே. அப்படியானால் வேறெங்கே போயிருக்கும், இங்கேதானே சுற்றிக்கொண்டிருக்கும்? அதைச் சொல்லி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் காட்டினேன்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். நான் மூச்சை விடும்வரை, காற்று வெளியே போகாத அந்தப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.