பதினொருவரின் சுருட்டு

இம்மாதம் நான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வெள்ளவத்தையில் தூறல். பஞ்சில் சுற்றிய சுருட்டொன்றைப் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். வழியில் பதினான்கு சந்தி விளக்குகள், ஒன்பது சிவப்பு.

அது எங்கள் துறைமுக அலுவலகச் சங்கத்தின் பொதுச் சொத்து. கியூபாச் சுருட்டு என்று சொல்லி ஒரு கப்பல்காரன் எங்கள் செயலாளரிடம் கொடுத்தது. செயலாளர் அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார். அந்தச் சின்னத் தீவு செய்த புரட்சி இங்கும் வரும் நாளில் அங்கத்தவர் பதினொருவரும் ஆளுக்கொரு இழுவை இழுப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. ஐந்து பேராவது கூடாமல் பற்றவைக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. நான் பொருளாளர் என்பதால் காவல் எனக்கு. எறும்பு, ஐந்து வீடு மாற்றம், மனைவி ஆகிய மூன்றிடமிருந்தும் அரை நூற்றாண்டு காப்பாற்றினேன்.

புரட்சி வரவில்லை. பாணுக்கு வரிசை வந்தது. பிறகு பெற்றோலுக்கு வந்தது. செயலாளர் இரண்டிலும் நின்றார். "அங்கையும் வரிசைதான் ஐசே. ஆனா படிப்பும் வைத்தியமும் சும்மா" என்பார். "இங்கையும் சும்மாதானே" என்றால், "அதைத்தான் சொல்லுறன், பாதி வந்திட்டுது" என்பார்.

பதினொருவரில் இப்போது மிச்சம் நானும் அவரும்தான். அவரும் வெள்ளிக்கிழமை கனடாவில் இருக்கும் மகளோடு நிரந்தரமாகத் தங்கப் போகவிருந்தார். இனி நாங்கள் சந்திக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டில் உட்கார்ந்ததும், "கடைசியில முதலாளித்துவத்துக்கே குடிபோறீர்" என்றேன்.

"அவங்களைத் திருத்த ஒராள் வேணுமே. தகரத்தைத் திறவும்."

"ஐஞ்சு பேர் இல்லை. சட்டம் இடங்குடுக்காது."

"நான் போனா நீர் தனிய. தலைவரும் நீர்தான், எதிர்ப்பும் நீர்தான். சட்டத்தை மாத்துவம், கையைத் தூக்கும் ஐசே."

தூக்கினேன்.

பாக்குவெட்டியால் நுனியை நறுக்கி, ஏழாவது குச்சியில் பற்றவைத்தோம். முதல் இழுவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பனங்கட்டிப் பாணி தடவிய புகையிலை. என் அப்பா பின்னேரங்களில் இழுத்த அதே யாழ்ப்பாணச் சுருட்டு. கப்பல்காரன் துறைமுகத்துக்கு வெளியே ஏதோ பெட்டிக்கடையில் வாங்கிச் சிவப்புத் தாள் சுற்றியிருக்கிறான்.

செயலாளர் கண்ணை மூடியிருந்தார். இமையோரம் ஈரம். "கண்டீரா, அந்த மண்ணின்ரை மணம்!" என்றார்.

பிழை கண்டால் சொல்லாமல் விட்ட மனிதன் அல்ல நான். அன்று விட்டேன். "ஓம், கியூபாவேதான்" என்று சொல்லி, வராத ஒன்பது பேருக்காகவும் ஒன்பது இழுவை இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் கனடாவுக்குப் போய்விட்டார். வெறும் தகரம் என் மேசையில் இருக்கிறது. திறந்தால் இன்னும் மணக்கிறது. ஓட்டோ போகவர 2,180, தீப்பெட்டி 20, இருமல் மருந்து 650. மொத்தம் 2,850 ரூபாய்.