அத்தான் வாயால் வந்த யோசனை

வேலையை மேம்படுத்தும் கூட்டங்களில் யார் எவ்வளவு பங்கெடுத்தார்கள், என்ன கற்றார்கள் என்று மதிப்பெண் போடுவது எங்கள் தையல் ஆலையில் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்த நாற்காலியில் நிமிர்ந்தே உட்காருவேன்.

காலர் தைக்கும் அக்கா கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. தோன்றுவதைப் பக்கத்து மெஷினில் இருக்கும் தன் அத்தானிடம், அதாவது கூடப்பிறந்தவளின் புருஷனிடம், முணுமுணுப்பார். அதையே அவர் எழுந்து முழங்குவார். மதிப்பெண்ணெல்லாம் அவருக்கு, அக்காவுக்குப் பூஜ்யம். ஒரு நாள் கூட்டத்தில், பூஜ்யம் வாங்கியவரை அன்றே வேலையை விட்டு நிறுத்திவிடப் போவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

"யோசனை சொன்னவர்கிட்டயே காரணம் கேட்டுப் பாக்கலாம் சார்," என்றேன். "காலர் துணி வைக்கிற தட்டை ஏன் இடப்பக்கம் வைக்கச் சொன்னீங்க?"

அத்தான் எழுந்தார். "அது வந்து... பாக்க லட்சணமா இருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"நீங்க உக்காருங்க அத்தான்." அக்கா எழுந்தார். "வலது கை ஊசிகிட்டயே இருக்கணும் சார். அந்தக் கையை நீட்டிக் காலரை எடுத்தா தையல் கோணிடும்."

"இவ்வளவு நாளா சொல்றதுக்கென்னம்மா?" என்றார் மேலாளர்.

"அத்தான் இருக்கறப்போ நான் எப்படி சார் முந்திக்கிட்டுப் பேசுறது?"

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பூஜ்யத்தை அடிச்சுடுப்பா. நாளைக்கு நீயே எழுந்து பேசும்மா."

"அப்ப நானு?" என்றார் அத்தான்.

"நீங்க கேளுங்க."