எட்டாம் தீவுக்கு வந்த கப்பல்

டைட்டஸ் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டால் அவருடைய இடது கட்டைவிரல் சும்மா இருக்காது. ஷீட்டின் மூலையில் மேலே, கீழே, இடது, வலது என்று நாலு பக்கமும் அழுத்திக்கொண்டே போகும். ஷீட் விற்கக் கொண்டுவருகிறவர்கள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈரம் பார்க்கிறார், அழுக்கு பார்க்கிறார், தரத்தைக் குறைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ரப்பர் கடை முதலாளி முத்துநாயகத்துக்கோ பெருமை தாங்காது. விரல் வைத்தே தரம் சொல்லுகிற ஆள் மார்த்தாண்டத்தில் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறார் என்று பதினாலு வருடமாகப் பேசிக்கொண்டு திரிகிறார். உண்மையில் அந்த விரல் ஈரமும் பார்க்கவில்லை, தரமும் பார்க்கவில்லை. அது மூன்றாவது தீவில் ஆடுகிற பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

வீடியோ கேம் ஆடுகிற ஆள் என்றால் பத்தொன்பது வயதுப் பையனை நினைத்துக்கொள்ளக் கூடாது. டைட்டஸுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. முன்நெற்றி ஏறிவிட்டது, சட்டையில் எந்நேரமும் ரப்பர் புகைவாசனை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் முழுவதையும் கண் இமைக்காமல் கேட்கிறவர் என்று நல்ல பெயர். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் அந்தக் கட்டைவிரல் என்ன செய்கிறது என்பது பக்கத்தில் இருக்கிற மனைவி நேசபாய்க்கு மட்டுமே தெரியும்.

விரிகோட்டில் இருக்கும் அவருடைய வீட்டில் ஒரு இரும்பு அலமாரி. நாலு தட்டில் மூன்று டைட்டஸுடையவை. துபாய்த் துண்டுகளில் சுற்றி, துண்டுக்கு ஒன்றாக ரசகற்பூரம் போட்டு, பழைய கேம் மெசின்களை அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றைக் கம்பெனிப் பெயரால் சொல்லமாட்டார். கொண்டுவந்தவர் பெயரால்தான் சொல்லுவார்: அப்பாவுக்க மெசின், சின்ன மாமாவுக்க மெசின், தோத்துப்போன மெசின். கடைசியில் சொன்னது வாங்கின மறுநாளே புகைந்துபோனது. அதையும் எறியவில்லை. நேசபாய் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, எதையும் தெளிவாகச் சொல்லுவார். கல்யாணமான புதிதில் சேலை வைக்க இடம் கேட்டு ஒரு தட்டு கிடைத்த கதையைச் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் எடுத்துவிடுவார்.

"எனக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்தவளுவ எல்லாம் அலமாரிக்குள்ள பட்டுபோல இருக்காளுவ. நாந்தான் அடுக்களையில நிக்கேன்."

முதலில் வந்தது 1988-இல். டைட்டஸின் அப்பா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறி வாங்கிய கம்ப்யூட்டர் அது. பார்க்க ஒரு தடித்த பலகைபோல இருக்கும், அதில் ரப்பர் பொத்தான்கள். பிழைப்பு ரப்பரில்தான் என்று அன்றைக்கே எழுதியாகிவிட்டது என்பார் டைட்டஸ். அதை டி.வி.யோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓடவிட வேண்டும். கேசட்டிலிருந்து பாட்டு வராது, கீச்சுக்குரலில் ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சலை ஐந்து நிமிடம் குடித்தபிறகு கம்ப்யூட்டர் கேமைக் காட்டும்.

அதே டேப் ரிக்கார்டரில்தான் அம்மா ஜெயபாய் அப்பாவுக்குக் கடிதம் பேசுவார். எழுதுவதைவிடப் பேசுவது சுலபம் என்று வளைகுடாக்காரர்களின் குடும்பங்கள் கேசட்டில் பேசி, போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிய காலம். ஒரு தடவை மாறிப்போனது. அம்மாவின் கேசட் அலமாரியிலேயே இருக்க, நேந்திரங்காய் உப்பேரியோடும் நார்த்தங்காய் ஊறுகாயோடும் டைட்டஸின் கேம் மஸ்கட்டுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறைத் தோழர்கள் ஏழு பேரையும் சுற்றி உட்காரவைத்து அப்பா வீட்டுக் குரலைக் கேட்டார். அரை மணி நேரம் கேட்டாராம், நடுவில் யாராவது பேசுவார்கள் என்று. இங்கே டைட்டஸ் அம்மாவின் கேசட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, திரையில் கோடுகள் ஓடுவதைப் பார்த்தபடி இது ரொம்பப் பெரிய கேம் என்று காத்திருந்தார். கூரை ஒழுகுவதையும் மகனின் கணக்கு மார்க்கையும் பற்றிய அம்மாவின் புகாரைக் கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து அப்பாவின் பதில் கேசட் வந்தது.

"அது யாருக்க இழுப்பு? ஆசுபத்திரியில காட்டுனியளா?"

கூடவே இரண்டு டசன் தைலக் குப்பிகள். அந்தத் தைலம் தீர நாலு வருடம் ஆயிற்று.

இனிமேல் டேப்பே வேண்டாத சாமானாகப் பார்த்து 1991-இல் அப்பா ஒரு டி.வி. கேம் கொண்டுவந்தார். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கட்டையை மேலே செருகினால் உடனே ஆடலாம். அந்தக் கட்டையின் மேல் ஒட்டியிருந்த படத்தில் சீன எழுத்தோ ஜப்பான் எழுத்தோ, வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆறே மாதத்தில் அதுவும் உரிந்துபோயிற்று. அதனால் அந்தக் கேமுக்குப் பெயரே இல்லை. டைட்டஸ் அதைக் குள்ளன் என்றார். முதுகில் கூடை சுமந்த ஒரு குள்ளன் எட்டுத் தீவுகளைத் தாண்டிப் போகவேண்டும். எட்டாம் தீவில் நண்டுராசா. பாதியில் நிறுத்தி நாளை தொடரும் வசதி கிடையாது. அணைத்தால் மறுபடி முதல் தீவு. ஒரே மூச்சில் ஆடி முடிக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும்.

இப்போதைய கேம்களை அவர் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிடுவார். "அதுல வழியெல்லாம் சொல்லித் தருது. செத்தா அங்கனயே எழுப்பி விடுது. பின்ன சாவுக்கு என்ன மரியாதை இருக்கு?" என்பார்.

இவ்வளவு மரியாதை தெரிந்தவர் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, கூடப் படித்தவன் ஒருவன் தானும் அதே கேமில் ஐந்தாம் தீவை எட்டிவிட்டதாகச் சொன்னான். டைட்டஸுக்குப் பொறுக்கவில்லை. நான் முடித்தேவிட்டேன் என்று சொல்லிவிட்டார். முடிவில் என்ன வந்தது என்று வகுப்பே சூழ்ந்துகொண்டது. அப்போது வாயில் வந்ததைச் சொன்னார். நண்டுராசா விழுந்ததும் கடல் இரண்டாகும். கோயில் திருவிழாபோல விளக்குப் போட்ட கப்பல் ஒன்று வரும். ஏணி போடுவார்கள். குள்ளனின் அப்பா சூட்கேசோடு இறங்கிவருவார். கடைசியில் ஜெயித்தவனின் பெயரை மெசினே எழுதும். அந்த வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் வளைகுடாவில் இருந்தார்கள். ஒருவனும் மறுகேள்வி கேட்கவில்லை.

அன்றிலிருந்து டைட்டஸ் முடிவைப் பார்த்த மனிதர். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச வேறு விஷயம் கிடைக்காமல் நேசபாயிடமும் அதைத்தான் சொன்னார். மகள் அபினாவுக்குச் சோறு ஊட்டியது அந்தக் கப்பலைக் காட்டித்தான். உண்மையில் அவர் நண்டுராசாவை நேருக்கு நேர் கண்டதே மூன்று தடவை. ஒரு தடவை அடாப்டர் கருகியது. 2004-இல் மாமியார் வீட்டுக்காரர்கள் வந்து டி.வி.யில் செய்தி வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை கரண்டு போனது. இருந்தும் வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். ஒருவேளை தான் சொன்னபடியே இருந்துவிட்டால் என்று ஒரு ஆசை. பொய் சொன்னவருக்கே அதில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இதற்கிடையே 2008-இல் ஊரெல்லாம் மின்வெட்டு வந்தது. மாவட்டத்தில் மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் டைட்டஸாகத்தான் இருக்கும். முடிவைக் காட்டு என்று அபினா கேட்கும்போதெல்லாம் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது: "கரண்டு மட்டும் போவாம நிண்ணா இண்ணைக்கே முடிச்சிருவேன் மக்களே." அதற்காக லைன்மேன் முருகதாஸோடு சிநேகம் பிடித்து, எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வெட்டு என்று விரல்நுனியில் வைத்திருந்தார். தெருப் பெண்கள் மாவாட்டுவதற்கு முன் அவரைக் கேட்பார்கள். அவரும் பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல மணி பார்த்துப் பதில் சொல்லுவார்.

அபினா ஏழாம் வகுப்புக்கு வந்ததும் கேள்விகள் கூர்மையாகிவிட்டன. பெயரை நாம் தட்டச்சு செய்யாமல் மெசின் எப்படி எழுதும் என்று ஒருநாள் கேட்டாள். டைட்டஸ் இருமினார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு நந்தனா அப்படியில்லை. எட்டு வயது. அவளுடைய அப்பா கத்தாரில் விசா சிக்கலில் மாட்டி மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. கப்பல் கதையை அபினா எப்போதோ விளையாட்டாக அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். அதிலிருந்து டைட்டஸ் வேலை முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் மதிலுக்கு மேலே ஒரு தலை தெரியும். கரண்டு இருக்கா மாமா என்று கேட்கும்.

2012 ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேயாக வீசியது, காற்றாலைகள் சுற்றின, கரண்டு தங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மீன்குழம்பில் கைவைத்த நேரத்தில் அபினா அறிவித்தாள். முருகதாஸ் மாமாவுக்கு அவளே போன் போட்டுக் கேட்டாளாம், காத்தாடி எல்லாம் சுத்துதாம், இன்றைக்கு வெட்டே கிடையாதாம். டைட்டஸ் அடாப்டரைக் குறை சொன்னார். அதை அவள் காலையிலேயே மாட்டி வைத்திருந்தாள். கட்டையில் தூசி இருக்கும் என்றார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாயிற்று. கடைசியாக, ஓய்வுநாளில் விளையாடுவது சரியல்ல என்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"ஓய்வுநாளுல மீன் வாங்கச் சந்தைக்குப் போவலாம், இது மட்டும் பாவமாக்கும்," என்றார் நேசபாய். வேறு வழியில்லை. நந்தனா ஏற்கெனவே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். முதல் நாலு தீவுகளைக் கண்ணை மூடிக்கொண்டும் தாண்டுவார், தாண்டினார். ஐந்தாவதில் கை வியர்த்து, குள்ளனுக்கு உள்ள மூன்று உயிரில் ஒன்று போனது. நேசபாய் பரீட்சைத் தாள் கட்டைக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தார், ஆறாம் தீவுக்குப் பிறகு ஒரு தாளும் திருத்தவில்லை. ஏழாவதில் இன்னொரு உயிர். மிச்சம் ஒன்றே ஒன்று. அப்பா எப்ப எறங்குவாரு என்று நந்தனா கேட்டாள், இப்ப வந்திருவாரு என்று அபினா பதில் சொன்னாள். தோற்றுவிட்டால் நல்லது என்று டைட்டஸுக்குத் தோன்றியது. ஆனால் கட்டைவிரல் அவர் பேச்சைக் கேட்கிற விரல் அல்ல. இருபத்தொரு வருடப் பழக்கத்தில் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நாலேகாலுக்கு நண்டுராசாவின் இடது கொடுக்கு விழுந்தது. பிறகு வலது. பிறகு ராசாவே கவிழ்ந்தார். திரை முழுக்க நீலமாயிற்று.

அது கடலா, வெறும் நீலமா என்று இன்றுவரை டைட்டஸுக்குத் தெரியாது. இத்தனை வருடம் இமைக்காமல் பார்த்த திரையை விட்டு அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் பார்த்துவிட்டார். நந்தனா முழங்காலில் எழும்பி நின்றிருந்தாள். வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டவள்போலக் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். திரையைப் பார்க்கவேண்டும் என்றுதான் டைட்டஸுக்கு இருந்தது. ரொம்பவும் இருந்தது. அவருடைய கை நீண்டு, டி.வி.க்குக் கரண்டு கொடுக்கத் தரையில் கிடந்த பிளக் பலகையின் சுவிட்சைத் தட்டியது. டி.வி. இருண்டது.

"கரண்டு போச்சு," என்றார்.

நந்தனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா எறங்கினாரா மாமா?"

"கப்பல் வந்தாச்சு மக்களே. ஏணியும் போட்டாச்சு. எறங்குத நேரத்துல பாழாப்போன கரண்டு போச்சு."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நேசபாய் அதை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், திருத்தாத தாள்களை எடுத்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். அபினாவும் ஃபேனைப் பார்த்தாள். எழுந்து சுவரோரம் போனாள். சத்தம் வராமல் ஃபேன் சுவிட்சையும் அணைத்துவிட்டு, வந்து நந்தனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.