சுவரில் ஏறிய ஸ்கிரீன்

இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ராயபுரம் ஆபீசில் சொன்னபோது, கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள். ரெண்டு சின்ன மானிட்டர் வேண்டுமா, ஒரே பெரிய ஸ்கிரீன் வேண்டுமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கப்பலில் ஏறுகிற சரக்குக்குக் காகிதம் சரிபார்ப்பவள் நான். இடது பக்கம் சரக்குக்காரப் பார்ட்டி அனுப்பியது, வலது பக்கம் நாங்கள் டைப் அடித்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். கன்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்து மாறினால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும், என் வேலை போகும். அந்த வேலையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ரெண்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் திருவொற்றியூரில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அங்கே எல்லாவற்றுக்கும் எல்லோருக்கும் வாய் உண்டு.

"பெர்சா ஒண்ணு வாங்கிக்கமே. ரெண்ட எங்க வைப்ப, என் தலை மேலயா?" என்றார் வீட்டுக்காரர்.

"டிவி புட்டுக்கிச்சி. சீரியல் பாத்தே எத்தினி நாளாவுது" என்று மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

பெரியதே போதும் என்று ஆபீசுக்குச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஸ்கிரீன் வந்ததும் மாமியார் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் உலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கொழுந்தன் அதைச் சுவரில் மாட்டிவிட்டான். எங்கே? பழைய டிவி தொங்கிய இடத்தில், யார் தலையும் மறைக்காத உயரத்தில்!

"யோவ், இது என் வேலைக்குக் குடுத்ததுய்யா!" என்று கத்தினேன்.

"உன் வேலைய இன்னா புடுங்கிக்கினா பூட்டோம்? உன்க்கும் தெரியுது, எங்களுக்கும் தெரியுது. சும்மா பேஜாரு பண்ணாத" என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தன் ஒரு படி மேலே போனான். பாதியில் கம்ப்யூட்டர், பாதியில் கேபிள் ஓடும்படி ரிமோட்டில் ஏதோ செய்தான். "பாத்தியா அண்ணி, நீ கேட்ட மாதிரியே ரெண்டு!" பெருமை வேறு. இடது பாதியில் கிரிக்கெட். என் காகிதங்கள் இரண்டும் வலது பாதியில் ஒண்டிக்கொண்டன. எழுத்தெல்லாம் எறும்பு. கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பேன். கிட்டே போய்ப் பார்க்கலாமென்று எழுந்தால், "குந்துமே, மறைக்குது!" என்பார் வீட்டுக்காரர். நானும் குந்திவிடுவேன்.

அப்படிக் குந்தியே பார்த்து அனுப்பிய ஒரு நம்பரில் எழுத்து மாறியது. பெட்டியை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. மறுநாள் போனிலேயே என் வேலையை முடித்துவிட்டார்கள்.

சொன்னேன். "வுடு, வேற கெடைக்கும்" என்றார் வீட்டுக்காரர், முகத்தைக்கூடத் திருப்பாமல். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஸ்கிரீனைத் திரும்ப எடுத்துப்போக ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தார். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் மாமியார் வாயிலடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்காரர் ஓடிப்போய் அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, கடைசி ஓவர்ங்க போய்க்கினு கீது. முடிஞ்சதும் கழட்டிக்கினு போ நைனா!"

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். "அடிப்பாவி!" என்று வீடே கத்தியது. என் வேலை போனபோது ஒரு சத்தம்கூட வராத வீடு.