பாட்டு வகுப்புக்கு ஒரு மேற்பார்வை

கல்பாத்தி சரஸ்வதியம்மாளுக்கு அப்புசாமி பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். ஒன்பது மாதப் பாட்டுச் சம்பளம், மாதம் ஆயிரத்து ஐந்நூறு. அப்படி ஒரு கடன் இருப்பதை அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

எப்படி ஒத்துக்கொள்வார்? கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அத்தனையும் சொந்தச் சம்பாத்தியம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். டிராக்டர் ஓட்டியதும், மோட்டாரைப் பிரித்துப் பூட்டியதும், மலையாளத்தில் கையெழுத்துப் போட்டதும் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. “எனக்கு வாத்தியார்னு ஒருத்தன் இனிமேத்தான் பொறக்கோணும்” என்பது சந்தையில் அவர் வழக்கமாகச் சொல்வது. பட்டம் வாங்கிய பத்துப் பேர் தேங்காய் விலை கேட்டு அவர் முன்னால் நிற்கிறார்கள். பொய்யா?

கல்யாணமாகி வந்த ஆறாம் மாதம் மருமகள் அனுப்பிரியா பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். மகன் கோகுல்நாத் போனில் தேடி, ஐந்து நட்சத்திரம் வாங்கிய வாத்தியார்களாகக் காட்டினான். அப்புசாமி போனைத் தள்ளிவிட்டார். மாடு வாங்குகிறவன் படத்தைப் பார்த்தா வாங்குவான்? நேரிலேயே புறப்பட்டார்.

முதலில் சித்தூரில் ரிஜின். மாடியறையில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்த வாலிபன். “அங்கிளே, மூணு மாச ஃபீஸ் அட்வான்ஸ். கிளாஸுக்கு வரலைன்னாலும் திருப்பித் தர மாட்டேன்” என்றான்.

“மரம் ஏறாமயே ஏறுகூலி கேக்கறயா தம்பி?” என்றுவிட்டுப் படி இறங்கினார்.

அடுத்தது கல்பாத்தி. முப்பது வருடமாக வீட்டிலேயே பாட்டுச் சொல்லித் தருகிறவர் சரஸ்வதியம்மாள். அப்புசாமி மாதிரிக்கு ஒன்று பாடச் சொன்னார். அந்தம்மாளும் பாடினார்.

“சரக்கு நல்ல சரக்குதானுங்க. மணிக்கு எத்தனை பாட்டு ஆகுமுங்க?”

“ஒரு பாட்டுக்கே மூணு மாசம் ஆகும்.”

“மூணு மாசத்துல தென்னம்பிள்ளையே மூணு மட்டை விட்டுருமுங்களே!”

“அப்போ அதையே பாடச் சொல்லுங்கோ.”

அப்புசாமிக்குப் பிடித்துப்போயிற்று. முகத்துக்கு நேரே திருப்பிப் பேசுகிறவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்பது அவர் கண்ட அனுபவம்.

கூலிக்கு ஆள் விட்டால் பக்கத்திலேயே நின்று பார்ப்பது அவர் வழக்கம். மரத்தில் ஆள் இருக்கும்வரை தோப்பை விட்டு நகரமாட்டார். கல்பாத்தியிலும் அதே முறைதான். சனிக்கிழமைதோறும் மருமகளைக் காரில் கூட்டிவந்து, அவள் பக்கத்தில் இன்னொரு பாயில் சம்மணம் போட்டு, போனில் மணியை ஓடவிட்டு உட்கார்ந்தார். அறுபது நிமிஷமும் முழுசாகச் சொல்லித் தருகிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

முதல் மாதம் மணியைப் பார்த்தார். இரண்டாம் மாதம் கை தானாகத் தொடையில் தாளம் தட்டியது. மூன்றாம் மாதம், “சுண்டு விரல்லேர்ந்து எண்ணணும், கட்டை விரல்லேர்ந்து இல்லே” என்று சரஸ்வதியம்மாள் சொன்னபோது விரலை மாற்றிக்கொண்டது அனுப்பிரியா அல்ல. ஐந்தாம் மாதம் மருமகளையே திருத்தினார்.

“அங்க இழுக்கோணும் அம்மிணி. நீ வெட்டி உடற.”

“நீங்க மணியப் பாருங்க மாமா.”

தோப்பு மோட்டார் அறையில் ராத்திரிதோறும் அவருடைய சாதகம் நடந்தது. “தேங்கா திருட வர்றவன் வேலி தாண்டி ஓடறான். காவக்காரன் சம்பளம் மிச்சமுங்க” என்றாள் மனைவி கமலாத்தாள்.

ஒன்பதாம் மாதம் ஊரில் மாரியம்மன் நோம்பி. திருவிழா மேடையில் அப்புசாமி மைக்கைப் பிடித்து, வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது பாட்டில் பாதியைப் பாடினார். அதுவரைதான் பாடமாகியிருந்தது. கூட்டம் கை தட்டியது. கமிட்டிக்காரர் ஒருவர், “வாத்தியாரு ஆருங்க?” என்று கேட்டார்.

“ஆருமில்லீங்க. எல்லாத்தையும்போல இதையும் நானாத்தான் கத்துக்கிட்டேன்” என்று மைக்கிலேயே சொன்னார்.

யாரோ எடுத்த வீடியோ அவருக்கு முன்னால் கல்பாத்தி போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஒற்றைப் பாய்தான் விரித்திருந்தது.

“தானாக் கத்துண்டவருக்கு இங்கே என்ன வேலை?” என்றார் சரஸ்வதியம்மாள். “மேற்பார்வைன்னா வாசல்ல நின்னு பாருங்கோ. உள்ளே உக்காரணும்னா ஒன்பது மாச ஃபீஸ் பாக்கி.”

“மாசாமாசம் குடுத்துட்டனுங்களே!”

“அனுப்பிரியாவுக்குக் குடுத்தேள். உங்களுக்கு?”

அப்புசாமி வாசலில் நின்றார். கடைசிச் சரணம் தொடங்குகிற நாள் பார்த்தா இது நடக்க வேண்டும்? தெருவில் ஸ்கூட்டர், பக்கத்து வீட்டில் மிக்ஸி. நடுவில் ஒரு சொல்லும் இரண்டு இழுப்பும் மட்டும் காதில் விழுந்தன. பாதியில் நின்ற பாட்டு முள்ளாகத் தொண்டையில் நின்றது. திரும்பும்போது காரில் கேட்டார்.

“அந்தச் சரணம் எப்படி அம்மிணி?”

“நீங்களே கத்துக்குவீங்கன்னு நெனச்சேன் மாமா.”

ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாத அட்வான்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ரிஜினின் மாடி ஏறினார். அவன் போனில் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டு, கீபோர்டில் வாசித்தான்.

“அந்த எடம் வளையோணும் தம்பி. நீ படிப்படியா எறங்கற.”

“இதுல வளையாது அங்கிளே. இவ்வளவு தெரிஞ்ச ஆளு! யாரு படிப்பிச்சது?”

அப்புசாமி பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்த இடம் தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் தொல்லை. தெரியவைத்தது யார் என்றும் தெரிந்துதான் இருந்தது.

மறு சனிக்கிழமை இருபது இளநீரோடு கல்பாத்தி போனார். சரஸ்வதியம்மாள் இளநீரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“பாய்த் தேய்மானம்னு வெச்சுக் கொஞ்சம் வாங்கிக்குங்க” என்று நோட்டுக்கட்டை எடுத்தார்.

“பாய் தேயலை.”

“காப்பிக் காசு?”

“இந்த ஆத்துல காப்பி விக்கறதில்லே.”

“பின்ன என்னன்னு குடுக்கறதுங்க?”

“அதை நீங்கன்னா சொல்லணும்.”

பாயில் இருந்த அனுப்பிரியா நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். அப்புசாமி ஊர்க்காரன் எவனாவது தெருவில் வருகிறானா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

“நீங்க பாட்டுச் சொல்லிக் குடுத்ததுக்குங்க.”

“கேக்கலை. மைக்ல பேசற மாதிரி சொல்லுங்கோ.”

“நீங்க சொல்லிக் குடுத்துத்தான் கத்துக்கிட்டனுங்க!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சரஸ்வதியம்மாள் அவசரமில்லாமல் வலது கையை நீட்டி விரித்தார். அப்புசாமி நாக்கில் விரலைத் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருபத்தேழையும் ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.